பின்சக்கரத்து வில்

பெங்களூருவின் தெருக்களில் வேகத்தடைக்குச் சற்று முன்னால் நிற்கும் பலகையில் கன்னடத்தில் ‘ரஸ்தெ உப்பு’ என்று எழுதியிருக்கும். இரண்டாவது சொல்லில் வரும் பகர இரட்டை ஒலிப்புடையது. தமிழில் ‘வயிறு உப்பியிருக்கிறது’ என்னும்போது வருகிற அதே வேரைச் சேர்ந்தது. சாலையின் வீக்கம் என்று பொருள். அத்திப்பள்ளியைக் கடந்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைந்ததும் அதே மேடு ‘வேகத்தடை’ ஆகிவிடுகிறது. கன்னடப் பலகை மேட்டின் வடிவத்தைச் சொல்கிறது. தமிழ்ப் பலகை அதன் நோக்கத்தைச் சொல்கிறது. அதன்மீது ஏறி இறங்கும் முதுகெலும்பைப் பற்றி இரண்டும் பேசுவதில்லை.

அந்த முதுகெலும்புகள் எண்ணிக்கையில் குறைந்தவை அல்ல. பெங்களூருவில் பதிவான வாகனங்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. அவற்றுள் பெரும்பான்மை இருசக்கர வாகனங்கள். அவற்றை ஓட்டுவோரிடையே அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு: பின்பக்க ஷாக் அப்சார்பரை மாற்றினால் இடுப்புவலி குறையுமா? குறையும், குறையாமலும் போகலாம், கூடவும் கூடும் என்பதே பொறியியல் தரும் விடை. எது நேரும் என்பது செலவழிக்கும் பணத்தைவிட, அந்த உறுப்பைப் பற்றிய புரிதலையே அதிகம் சார்ந்திருக்கிறது. அந்தப் புரிதலுக்குக் குறுக்கே நிற்பவை சில சொற்கள்.

முதலில் மேட்டின் கணக்கைப் பார்க்கலாம். இந்திய சாலைக் காங்கிரஸ் 1988-இல் வெளியிட்ட 99ஆம் எண் வழிகாட்டி, சிறு சாலைகளில் வேகத்தடை எப்படி அமைய வேண்டும் என்பதை வரையறுக்கிறது. 17 மீட்டர் ஆரமுடைய வட்டத்திலிருந்து வெட்டியெடுத்த வில்போல் அது வளைந்திருக்க வேண்டும். வாகனம் செல்லும் திசையில் அகலம் 3.7 மீட்டர், நடுவில் உயரம் 10 சென்டிமீட்டர். இந்த மூன்று அளவுகளும் தம்முள் பொருந்துவதைப் பள்ளி வடிவியலைக் கொண்டே சரிபார்க்கலாம். பாதி அகலமான 1.85 மீட்டரின் வர்க்கத்தை ஆரத்தின் இருமடங்கான 34-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.10 மீட்டர் கிடைக்கும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும் வாகனத்துக்காக வகுக்கப்பட்ட வடிவம் இது.

அந்த வேகத்தில் ஒரு சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர் நகர்கிறது. 3.7 மீட்டர் அகலமுள்ள மேட்டில் ஏறி இறங்க அதற்கு அரை நொடிக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். ஓர் அலையின் மேல்பாதி என இதைக் கொண்டால், அதிர்வெண் ஏறத்தாழ 1 ஹெர்ட்ஸ். தொட்டிலின் ஆட்டத்துக்கு வெகுதொலைவில் இல்லை. ஆனால், குடியிருப்புப் பகுதிகளில் ஓரிரவில் முளைக்கும் தார்மேடு பலவேளைகளில் அரை மீட்டர் அகலத்தைத் தாண்டுவதில்லை. அதே வேகத்தில் அதைக் கடக்க ஒரு நொடியில் பதினான்கில் ஒரு பங்கு போதும்; அதிர்வெண் ஏறத்தாழ 7 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். சக்கரத்தின் வட்டம் அந்த முனையைச் சற்று மழுக்கும் என்றாலும், ஓட்டுநர் தொட்டிலை விட்டு உலக்கைக்கு வந்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

7 ஹெர்ட்ஸ் என்னும் எண்ணுக்கு உடலியலில் தனி இடம் உண்டு. முழுஉடல் அதிர்வை அளப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 2631 என்னும் பன்னாட்டுத் தரநிலை, செங்குத்து அதிர்வுகளுள் ஏறத்தாழ 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையுள்ளவற்றுக்கு மிகுந்த எடையளிக்கிறது. உட்கார்ந்திருக்கும் மனித உடலின் மேற்பகுதி அந்த எல்லைக்குள்தான் ஒத்ததிர்கிறது. இருக்கையிலிருந்து வரும் சிறு உதறல்கூட வயிற்றையும் இடுப்பு முள்ளெலும்புகளையும் அடையும்போது பெரிதாகிவிடுகிறது. அளவில் தவறிய வேகத்தடை, உடல் தாங்க இயலாத அதிர்வெண்ணையே தேடிப்பிடித்துக் கொடுக்கிறது. பின்சக்கரத்துக்கும் இருக்கைக்கும் இடையிலுள்ள இரண்டு குழாய்கள் செய்ய வேண்டிய வேலை, அந்த அதிர்வெண்ணை வடிகட்டுவது.

அந்தக் குழாய்களின் பெயரிலேயே முதல் குழப்பம் தொடங்குகிறது. ஷாக் அப்சார்பர் என்னும் ஆங்கிலப் பெயருக்கு அதிர்ச்சியை உறிஞ்சுவது என்று பொருள். தமிழில் அதிர்வுத்தாங்கி என்கிறோம். பட்டறைகளில் அது சாக்கப்சர். உண்மையில் அங்கே இரண்டு வெவ்வேறு கருவிகள் ஒன்றாகப் பிணைக்கப்பட்டுள்ளன. வெளியே தெரியும் சுருள்வில் மேட்டின் அடியை வாங்கிக்கொள்கிறது. வாங்கியதை அது வைத்துக்கொள்வதில்லை. அமுங்கிய வேகத்திலேயே திருப்பித் தரப் பார்க்கிறது. உள்ளே எண்ணெயில் நகரும் உந்துதண்டு, சிறு துளைகளின் வழியே எண்ணெயைப் பிதுக்கி, அந்தத் துள்ளலை வெப்பமாக மாற்றி அடக்குகிறது. சுருள்வில் மட்டும் இருந்தால், ஒரு பள்ளத்தைக் கடந்த வண்டி அடுத்த பள்ளம் வரை குதித்துக்கொண்டே போகும். பிரித்தானியப் பொறியாளர்கள் உள்ளே இருக்கும் கருவியை டாம்பர், அதாவது தணிப்பான், என்றே வழங்குகிறார்கள். அந்தப் பெயர் வேலையைச் சரியாகச் சொல்கிறது. ‘தாங்கி’ என்னும் சொல்லோ, வலுவானது நன்றாகத் தாங்கும் என்ற எண்ணத்தைத் தருகிறது. கடையில் போய் ‘ஹெவி’யானதைக் கேட்க வைப்பது அந்த எண்ணம்தான்.

ஹெவி என்பது இரண்டாவது குழப்பம். கடினமான சுருள்வில் அதிகச் சுமையை ஏற்கும். குறைந்த சுமையில் அது அமுங்காது. அமுங்காத வில் வெறும் இரும்புத்தடி. சாலையில் நிகழ்வதை அப்படியே இருக்கைக்கு அனுப்பிவிடும். ஆலையிலிருந்து வரும் 100 சிசி வண்டியின் வில், 55 கிலோ எடையுள்ள ஒருவர் தனியே செல்வதற்கும், கணவன் மனைவி குழந்தையோடு மளிகைப் பையும் ஏறுவதற்கும் ஒருங்கே ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது. எடுத்துக்காட்டாக, பின்சக்கரம் 1 மில்லிமீட்டர் மேலேறுவதற்கு 3 கிலோ சுமை தேவை என்று வைத்துக்கொள்வோம். தனியே செல்பவரின் எடையில் 36 கிலோ பின்சக்கரத்தின்மீது விழுந்தால் வண்டி 12 மில்லிமீட்டர் அமிழும். பின்னிருக்கையில் அமர்பவரால் மேலும் 54 கிலோ சேர்ந்தால் இன்னும் 18 மில்லிமீட்டர் அமிழும். மொத்த அசைவு 80 மில்லிமீட்டர் என்றால், இருவர் செல்லும்போது மேட்டின் அடியை வாங்க 50 மில்லிமீட்டர் எஞ்சியிருக்கும். ஓரளவு நல்ல நிலை. தனியே செல்பவரோ வில்லின் நெகிழ்வைச் சரிவரத் தொடுவதே இல்லை. ஓட்டுநர் அமர்ந்த நிலையில் மொத்த அசைவில் கால் பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை அமிழ்ந்திருப்பது நலம் என்பது மோட்டார்சைக்கிள் துறையின் பொதுவழக்கு. இரட்டைச் சுமைக்குச் சரியாக அமைந்த வில், ஒற்றைச் சுமைக்கு ஒருபோதும் முழுச்சரியாக அமையாது.

இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பத்தான் வில்லின் அடியில் ஐந்தாறு படிகளுள்ள ஒரு வளையம் இருக்கிறது. கொக்கிச் சாவியால் அதைத் திருப்பினால் வில் முன்கூட்டியே சற்று அழுத்தப்படும். படியை ஏற்றினால் வில் கடினமாகிறது என்று பரவலாக நம்பப்படுகிறது. அது சரியன்று. வில்லின் கடினம் கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை ஆகியவற்றால் அமைவது, வளையத்தால் மாறாது. மாறுவது வண்டி நிற்கும் உயரமும், வில் அசையத் தொடங்குவதற்குத் தேவையான முதல் அடியின் அளவும். பின்னால் ஆள் ஏறும்போது படியை ஏற்றி, இறங்கியதும் குறைப்பதற்காக அமைந்த ஏற்பாடு அது. வாங்கிய நாளிலிருந்து அந்த வளையத்தைத் தொடாத வண்டிகளே தெருவில் மிகுதி.

மூன்றாவது குழப்பம் ‘கேஸ்’. வளிமம் நிரப்பிய ஷாக் என்றதும், காற்றுமெத்தையில் அமர்வதுபோன்ற கற்பனை எழுகிறது. அங்கே வளிமத்தின் முதன்மையான வேலை மெத்தையாவது அன்று. குண்டும் குழியுமான சாலையில் உந்துதண்டு இடைவிடாது மேலும் கீழும் ஓடும்போது எண்ணெய் சூடேறி நுரைக்கிறது. நுரைத்த எண்ணெய் துளைகளில் எளிதில் நழுவிவிடுவதால் தணிப்பு தளர்கிறது. உள்ளே அழுத்தத்தில் அடைக்கப்பட்ட நைட்ரஜன் அந்த நுரையைக் கட்டுப்படுத்துகிறது. எண்ணெயையும் வளிமத்தையும் மிதக்கும் ஓர் உந்துதட்டால் பிரித்து வைக்கும் அமைப்பை 1950களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் கிறிஸ்தியான் புர்சியே தெ கார்போன் என்னும் பிரெஞ்சுப் பொறியாளர். நீண்ட மலைப்பாதையிலும் பந்தயத்திலும் அதன் பயன் நன்கு தெரியும். கோரமங்கலாவின் உட்சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டரில் செல்பவருக்கு, வில்லின் கடினம் பொருந்தாதபோது, வெளியே தொங்கும் பளபளப்பான உருளை பெரிதாக எதையும் மாற்றிவிடாது.

இவை வெறும் ஏட்டுக் கணக்கல்ல என்பதை ஜெ.சி. சாலை காட்டும். ஜெயசாமராஜேந்திர உடையாரின் பெயரைத் தாங்கிய அந்தச் சாலையும் அதன் கிளைச் சந்துகளும் பெங்களூருவின் வாகன உதிரிபாகச் சந்தை. தக்கினி உருது, கன்னடம், தமிழ், தெலுங்கு நான்கும் ஒரே பேரத்தில் கலந்து வரும் இடம் அது. அங்குள்ள ஒரு சந்துப் பட்டறைக்குத் தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து பொம்மனஹள்ளியில் தங்கியிருக்கும் உணவு விநியோக ஊழியர் ஒருவர் தம் பழைய 100 சிசி வண்டியைக் கொண்டுவந்தார். அல்சூரில் பிறந்து வளர்ந்த தமிழரான பட்டறைக்காரருக்கு ஐம்பது வயதைக் கடந்திருக்கும்.

“சாக்கப்சர் மாத்தணும்ணா. நல்ல ஹெவியாப் பாத்துப் போட்டுக் குடுங்க.”

“ஹெவியா எதுக்குத் தம்பி? பின்னாடி யாரு உக்கார்றா?”

“யாரும் இல்லண்ணா. சாப்பாட்டுப் பை மட்டுந்தான்.”

“அப்பச் சும்மா இரு. ஹெவி போட்டேன்னா நாளைக்கே வந்து என்னைத் திட்டுவ.”

அவர் முதலில் ஷாக்கைத் தொடவில்லை. பின்டயரின் காற்றை அளந்தார். தயாரிப்பாளர் குறித்த அளவைவிட மிகுதியாக இருந்தது. அடிக்கடி காற்றடிக்க நேரமில்லாததால் ஒரேயடியாக ஏற்றிக்கொள்வது அந்தத் தொழிலில் இருப்பவர்களின் வழக்கம். பிறகு வளையத்தைப் பார்த்தார். இருபுறமும் கடைசிப் படியில் நின்றது. வண்டியை முன்பு வைத்திருந்தவர் பால்கேன் கட்டி ஓட்டியவர். வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்திப் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்ததில் ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்திருப்பது தெரிந்தது. கடைசியாக இருக்கையின் பின்பகுதியை இரு கைகளாலும் அழுத்திவிட்டார். நல்ல நிலையிலுள்ள வண்டி ஒருமுறை எழுந்து அடங்கிவிடும். இது மூன்று முறை எழுந்து தாழ்ந்தது. வலப்பக்கக் குழாயின் கழுத்தில் எண்ணெய் கசிந்து, அதன்மேல் புழுதி கறுப்பாகப் படிந்திருந்தது.

“ஒண்ணு மட்டும் மாத்தலாமாண்ணா?”

“மாத்தலாம். பழைய கால் ஒண்ணு, புதுக்கால் ஒண்ணு வெச்சு நடந்து பாரு, எப்படி இருக்கும்னு தெரியும்.”

இரண்டையும் சேர்த்தே மாற்றினார்கள். ஹெவியும் இல்லை, கேஸ் உருளையும் இல்லை. வண்டி ஆலையிலிருந்து வந்தபோது இருந்த அதே நீளமும் அதே கடினமும் கொண்ட வில். வளையம் இரண்டாம் படிக்கு இறங்கியது, புஷ் புதிதானது, காற்று அளவுக்கு வந்தது. மொத்தச் செலவு அந்த ஊழியருக்கு இரண்டு நாள் வருமானம். அதோடு அரைநாள் வேலையும் போயிற்று. அந்த அரைநாளை இழக்க அஞ்சியே அவர் ஐந்து மாதம் தள்ளிப்போட்டிருந்தார். இரவில் இடப்பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை என்பதை அவர் கிளம்பும்போதுதான் சொன்னார். ஒரு தகவல்போலச் சொன்னார்.

அந்தப் பட்டறைக்காரர் பின்பற்றிய வரிசையே இந்தப் பொருளில் தரக்கூடிய மிகச் சிறந்த அறிவுரை. காற்று, படி, புஷ், எண்ணெய்க்கசிவு. அதன் பிறகே புதிய உறுப்பு. மேம்பட்ட ஷாக் வாங்க விரும்புவோர், விலையையும் நிறத்தையும் பார்ப்பதற்கு முன் தம் எடைக்கும் வழக்கமான சுமைக்கும் ஏற்ற வில்லைக் கேட்க வேண்டும். இரு முனைத் துளைகளுக்கு இடையிலான நீளம் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். நீளம் கூடினால் வண்டியின் பின்பகுதி உயர்ந்து, முன்சக்கரத்தின் சாய்கோணம் மாறி, நேரே செல்லும் உறுதி குறையும். சங்கிலியின் தளர்ச்சியும் பக்கத்தாங்கியின் சாய்வும் மாறும். மீள்வேகத்தைத் திருகி அமைக்கும் வசதியிருந்தால் அதற்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. அமுங்கிய வில் எவ்வளவு வேகத்தில் எழ வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் தமக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். சட்டகத்தை வெட்டிப் பற்றவைத்து ஒற்றை ஷாக் பொருத்துவது வேறு வகை. தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அங்கே குறுக்கிடும். பற்றவைத்த இடம் விரிசல்விடும் ஆபத்தும் உண்டு.

பின்சக்கரத்துக்கு வில் என்பதே மோட்டார்சைக்கிள் வரலாற்றில் பிந்தி வந்த கருணை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பெரும்பாலான வண்டிகளின் பின்சக்கரம் சட்டகத்தோடு இறுகப் பிணைக்கப்பட்டிருந்தது. இருக்கைக்கு அடியிலிருந்த இரண்டு சுருள்களே ஓட்டுநருக்குத் துணை. பிலிப் வின்சென்ட் 1928-இல் பின்சக்கரத்துக்கான வில்லமைப்புக்குக் காப்புரிமை பெற்றபோதும் அது பரவலான வழக்காகவில்லை. 1940களின் இறுதியில் வந்த ராயல் என்ஃபீல்டு புல்லட், ஆடும் கரத்தில் இரண்டு ஷாக்குகளைப் பொருத்திவந்தது. 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டபோது அந்த அமைப்பும் தமிழ்நாட்டுக்கு வந்தது. 1970களின் தொடக்கத்தில் லூசியன் தில்கென்ஸ் என்னும் பெல்ஜியப் பொறியாளரின் ஒற்றை ஷாக் அமைப்பை யமஹா வாங்கி, 1973-இல் மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை வென்றது. இன்று பெங்களூருவிலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓசூரில் வண்டிகளும் உருவாகின்றன, அவற்றுக்கான ஷாக்குகளும் உருவாகின்றன. அங்கே பிறந்த வில், பொம்மனஹள்ளியின் மேட்டில் தன் வாழ்நாளைக் கழிக்கிறது.

ஆனால், வில் என்னும் சொல்லுக்குத் தமிழில் இதைவிட நீண்ட ஒரு போக்குவரத்து வரலாறு உண்டு. பட்டை வில்கள்மீது கூண்டு வைத்த மாட்டுவண்டிக்கு வில்வண்டி என்று பெயர். நெல்லும் எருவும் ஏற்றிய கட்டைவண்டிக்கு வில் கிடையாது. பண்ணையார் வீட்டுப் பெண்கள் கோயிலுக்குச் செல்லும் வண்டிக்கு வில் இருந்தது; அந்தப் பண்ணையின் நெல்லோடு உட்கார்ந்து வந்தவரின் முதுகுக்கு வில் இல்லை. யாருடைய உடல் அதிரலாம், யாருடைய உடல் அதிரக்கூடாது என்பதை ஊரின் சமூக ஒழுங்கே தீர்மானித்தது.

அந்த ஒழுங்கை நேருக்குநேர் எதிர்த்தவர் அய்யங்காளி. திருவிதாங்கூரில் புலையர் சமூகத்தைச் சேர்ந்தோர் பொதுச்சாலையில் நடப்பதற்கே தடையிருந்த காலத்தில், 1893-இல், வெங்ஙானூரைச் சேர்ந்த அவர் ஒரு வில்வண்டி வாங்கி, மாடுகளைப் பூட்டி, மணி ஒலிக்க அதே பொதுச்சாலையில் ஓட்டிச் சென்றார். மலையாளத்தில் வில்லுவண்டி யாத்திரை என்றே அந்த நிகழ்வு நினைவுகூரப்படுகிறது. சாலையில் செல்லும் உரிமையை நிலைநாட்ட நடந்து சென்றிருக்கலாம், கட்டைவண்டியிலும் சென்றிருக்கலாம். அவர் தேர்ந்தது மேல்சாதியினரின் ஊர்தியாக இருந்த வில்வண்டியை. சாலை பொது என்பதோடு, அந்தச் சாலையில் அதிராமல் செல்லும் கண்ணியமும் பொது என்று அந்தத் தேர்வு சொன்னதாகப் படிக்க இடமுண்டு.

இந்தப் பின்னணியில்தான் நான்காவது குழப்பச் சொல்லைப் பார்க்க வேண்டும்: சொகுசு. கன்னடத்தில் ‘சொகசு’ என்றால் அழகு, நேர்த்தி. தமிழில் அதே சொல் ஆடம்பரத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. சொகுசுப் பேருந்து, சொகுசு கார், சொகுசு பங்களா என்ற தொடர்களில், இல்லாமலும் வாழலாம் என்னும் பொருள் உட்பொதிந்திருக்கிறது. இருசக்கர வாகனத்தின் இதமான ஓட்டத்தையும் நாம் இதே சொல்லால் குறிக்கிறோம். அதனால் இடுப்புவலிக்கான மருந்து ஆடம்பரப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. வரியமைப்பிலும் இந்தச் சாய்வு இருந்தது. இருசக்கர வாகன உதிரிபாகங்கள் 2025 செப்டம்பர் 22 வரை 28 விழுக்காடு ஜி.எஸ்.டி. அடுக்கில், குளிரூட்டிகளோடும் கார்களோடும் ஒரே வரிசையில் இருந்தன. அதன் பிறகே 18 விழுக்காட்டுக்கு இறங்கின. கசியும் ஷாக்கை மாற்றிய விநியோக ஊழியரும் அதுவரை அந்த உயர் அடுக்கின் வரியைத்தான் செலுத்திவந்தார்.

இதே அதிர்வை வேறொரு பெயரால் அழைத்தால் நிலைமை மாறும் என்பதற்கும் சான்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002/44 எண்ணுள்ள ஆணை, அதிர்வைத் தொழிலிட ஆபத்து என்று வகைப்படுத்துகிறது. எட்டு மணி நேர வேலைக்குக் கணக்கிட்ட முழுஉடல் அதிர்வு முடுக்கம் 0.5 மீட்டர்/நொடி² என்ற அளவைத் தாண்டினால், அதைக் குறைக்கும் பொறுப்பு வேலை தருபவருக்கு வந்துவிடுகிறது, 1.15-ஐத் தாண்டவே கூடாது. அங்கே இருக்கையின் வில் சொகுசுப் பொருள் அல்ல. தலைக்கவசம் போன்றதொரு காப்பு.

பெங்களூருவின் விநியோக ஊழியருக்கு வாகனமே பணியிடம். ஆனால், அது அவருடைய சொந்த வாகனம். ஆகவே அதன் டயரும் எண்ணெயும் வில்லும் அவருடைய சொந்தச் செலவு. அதனால் வரும் வலியும் சொந்த வலி. கர்நாடகம் 2025-இல் கிக் தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் தொழிலாளிக்குச் செல்லும் தொகையின் 1 முதல் 5 விழுக்காடு வரை நிறுவனங்களிடம் நலநிதிக் கட்டணமாகப் பெற அது வழிசெய்கிறது. விபத்தையும் மருத்துவத்தையும் பற்றிப் பேசத் தொடங்கிய இத்தகைய நலத்திட்டங்கள், விபத்தாகாமல் நாள்தோறும் சிறிது சிறிதாக நேரும் தேய்மானத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டிய காலம் இது. ஆண்டுக்கொரு முறை வண்டியின் பின்பக்கத்தைச் சோதித்து, கசியும் ஷாக்கை மாற்றித் தருவதற்கு ஆகும் செலவு, ஒரு முதுகுத்தண்டின் மருத்துவச் செலவோடு ஒப்பிடத் தகுந்ததே அன்று.

மறுமுனையில் சாலை இருக்கிறது. 3.7 மீட்டர் அகலத்தில் அமைந்த ஒரு வேகத்தடை, அதைக் கடக்கும் அனைவருடைய ஷாக்குகளையும் ஒரே நாளில் மேம்படுத்திவிடும். எவரும் தம் பையிலிருந்து பணம் கொடுக்க வேண்டியதில்லை. தனிமனிதர் தம் வண்டியில் செய்யும் ஒவ்வொரு மேம்பாடும், பொதுச்சாலை செய்யத் தவறியதைத் தனியே ஈடுகட்டும் முயற்சி. வசதியுள்ளவர் பல்லாயிரம் ரூபாய்க்கு வெளிநாட்டு ஷாக் பொருத்தி அந்த ஈட்டைப் பெற்றுவிடுகிறார். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் அதே சாலையில் ஓடுபவருக்கு அந்த வழி இல்லை.

அளவு தவறாத மேடு, எடைக்குப் பொருந்தும் வில், கசிந்தால் மாற்றிக்கொள்ள ஓர் அரைநாள். இம்மூன்றுக்கும் தமிழில் பொதுப்பெயர் ஒன்று வேண்டுமென்றால், சொகுசு என்பதை விட்டுவிட்டுப் பாதுகாப்பு என்பதைப் பயன்படுத்தலாம். சொல்லை மாற்றினால் மேடு தாழ்ந்துவிடாது. ஆனால், அந்தக் கோரிக்கையை மாநகராட்சியிடமும், நலவாரியத்திடமும், வேலை தருபவரிடமும் கொண்டுசெல்லும்போது, அது ஆடம்பரம் என்று சொல்லித் திருப்பி அனுப்புவது கடினமாகும்.